லாக் ஹேண்ட்லர்களை அமைப்பது எப்படி: பட்டறை மென்பொருள் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், ஈரோடு வட்டாரத்துச் சாயப்பட்டறைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் எங்கள் சிறு குழு மென்பொருள் எழுதித் தருகிறது. எடைமேடையிலிருந்து எடையை வாங்குவது, ஜாப் ஒர்க் சலான் போடுவது, பீஸ் ரேட் கூலி கணக்கிடுவது ஆகியவையே பெரும்பாலும் எங்கள் வேலை. கோவைக் கல்லூரிகளில் படித்துவிட்டு வேலைக்குச் சேரும் பிள்ளைகளும், எங்களைப் போலவே தனியாகத் தொழில் செய்யும் நண்பர்களும் லாக் பற்றி, அதாவது மென்பொருள் ஓடும்போது நடப்பதை நேரத்தோடு எழுதி வைக்கும் குறிப்பு பற்றிக் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பைத்தான் மொழியின் லாக்கிங் தொகுதியை ஒட்டியவை. வினய் சாஜிப் எழுதிய அந்தத் தொகுதி 2003-இல் வந்த பைத்தான் 2.3 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

பிரிண்ட் போட்டாலே வேலை நடக்கிறதே, லாக்கிங் எதற்கு?

உங்கள் மேசையில் நடக்கும். பட்டறையில் நடக்காது. அங்கே மென்பொருள் பின்னணிச் சேவையாக ஓடுகிறது, கறுப்புத் திரையே கிடையாது. திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளை எழுதியது எங்கும் சேராமல் காற்றில் போய்விடும். இரவு ஷிப்டில் 2 மணிக்கு ஆபரேட்டர் தம்பி அழைத்து, "அண்ணா, துணி ஏற்றியாகிவிட்டது, எடை வருகிறது, சலான் மட்டும் வரவில்லை, லாரிக்காரர் காத்திருக்கிறார்" என்று சொல்லும்போது, சலான் ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல அந்த இடத்தில் ஒரு சாட்சி வேண்டும். லாக்தான் அந்தச் சாட்சி. அந்த நேரத்தில் கோப்பைத் திறந்து படிக்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று நினைத்துப் பார்த்து அமைத்த லாக் மட்டுமே பயன்படும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து வருபவை.

லாக்கர், ஹேண்ட்லர், ஃபார்மேட்டர் என்று மூன்று எதற்கு? ஒன்றாகவே வைத்திருக்கலாமே?

செய்தியைச் சொல்வது லாக்கர். அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதைப் பார்ப்பது ஹேண்ட்லர்: திரைக்கு, கோப்புக்கு, மின்னஞ்சலுக்கு, வேறொரு சர்வருக்கு. எந்த வடிவத்தில் எழுதுவது என்பதை ஃபார்மேட்டர் தீர்மானிக்கிறது. பிரித்து வைத்ததன் பலன் ஒன்றே: எடையை வாசிக்கும் நிரலை எழுதுகிறவருக்கு அந்தச் செய்தி கோப்புக்குப் போகுமா, மின்னஞ்சலுக்குப் போகுமா என்ற கவலையே தேவையில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போய்விடலாம். எங்கே போக வேண்டும் என்பதை நிரல் தொடங்கும் இடத்தில் ஒருவர், ஒரே ஒரு முறை தீர்மானிக்கிறார்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பிறர் பயன்படுத்தப் போகும் தொகுதியை நீங்கள் எழுதினால், அதற்குள் ஹேண்ட்லர் சேர்க்காதீர்கள். வேண்டுமானால் ஒன்றுமே செய்யாத நல்ஹேண்ட்லர் ஒன்றைப் பொருத்துங்கள், அது போதும். தொகுதி எழுதியவரே கோப்பு ஹேண்ட்லரையும் சேர்த்துவிட்டால், அதை வாங்கிப் பயன்படுத்துகிறவரின் கணினியில் அவர் கேட்காத கோப்பு ஒன்று வளரத் தொடங்கும். இன்னொருவர் தோட்டத்துக்கு அவரைக் கேட்காமல் வாய்க்கால் வெட்டுவது போன்ற செயல் அது.

எத்தனை ஹேண்ட்லர்கள் வைப்பது?

படிக்கப் போகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை. எங்கள் பட்டறை மென்பொருளில் மூன்று இருக்கின்றன.

முதலாவது கோப்பு ஹேண்ட்லர். பழுது பார்க்க வருகிறவருக்கானது. இன்ஃபோவும் (சாதாரணத் தகவல்) அதைவிடக் கடுமையான மட்டங்களும் எல்லாம் இதில் சேரும். இரண்டாவது மின்னஞ்சல் ஹேண்ட்லர். தூக்கத்திலிருந்து எழுந்தே ஆகவேண்டிய எனக்கானது, கிரிட்டிக்கல் மட்டும். மூன்றாவது நாங்களே எழுதியது. பைத்தானின் ஹேண்ட்லர் வகுப்பை அடிப்படையாக வைத்து, எமிட் என்ற ஒரே செயற்கூறை எழுதினால் சொந்த ஹேண்ட்லர் தயாராகிவிடும். கடைசியாக வந்த பிழையை ஆபரேட்டர் பார்க்கும் திரையின் அடிப்பட்டையில் அது தமிழில் காட்டுகிறது: "எடைமேடை பதில் தரவில்லை. கேபிளைப் பார்க்கவும்." அவ்வளவுதான். அந்த ஒரு பட்டை வந்த பிறகு, இரவு அழைப்புகளில் பெரும்பகுதியை ஆபரேட்டர்களே தீர்த்துக்கொள்கிறார்கள். இந்த வேலையில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த சில வரிகள் அவை.

திரையில் எழுதும் ஸ்ட்ரீம்ஹேண்ட்லர் வேண்டாமா என்று கேட்பார்கள். நிரல் எழுதும்போது வேண்டும். பட்டறையில் அதைப் படிக்க யாரும் இல்லை.

லாக்கரை டிபக் மட்டத்தில் வைத்துவிட்டேன். கோப்பில் டிபக் வரிகள் வரவேயில்லை. ஏன்?

வாசல் இரண்டு. லாக்கருக்கு ஒரு மட்டம், ஹேண்ட்லருக்கு ஒரு மட்டம். இரண்டையும் தாண்டினால்தான் வரி கோப்பில் விழும். மட்டங்களுக்குப் பின்னால் எண்கள் இருக்கின்றன: டிபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. லாக்கர் 10 என்று திறந்திருந்தாலும் ஹேண்ட்லர் 20 என்று இருந்தால் டிபக் அங்கே நின்றுவிடும். இதன் மறுபக்கம் இன்னும் அதிகம் பேரைத் தடுமாற வைக்கிறது: ஹேண்ட்லரை 10 என்று திறந்துவிட்டு லாக்கரை அப்படியே விட்டுவிடுவார்கள். லாக்கருக்கு மட்டம் எதுவும் சொல்லாவிட்டால் அது தன் மேலுள்ள லாக்கர்களைப் பார்க்கும். யாரும் சொல்லாவிட்டால் கடைசியில், எல்லா லாக்கர்களுக்கும் மேலே இருக்கும் ரூட் லாக்கரின் மட்டமே செல்லும். ரூட்டின் இயல்பு மட்டம் வார்னிங். ஆகவே இன்ஃபோவும் டிபக்கும் பிறந்த இடத்திலேயே மறைந்துவிடும்.

லாக்கரைத் தாராளமாகத் திறந்து வைத்துவிட்டு, ஹேண்ட்லரில் வடிகட்டுங்கள் என்பதே என் பரிந்துரை. யாருக்கு எவ்வளவு என்பது படிப்பவரைப் பொறுத்தது, படிப்பவர் இருப்பதோ ஹேண்ட்லரின் பக்கம்.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் பொது லாக் சேவையான சிஸ்லாக் வழியாக அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எண்கள் தலைகீழ்: 0 என்பது மிகக் கடுமையானது, 7 என்பது டிபக். பைத்தானின் சிஸ்லாக்ஹேண்ட்லர் அந்த மாற்றத்தைத் தானே செய்துவிடும். நீங்களாக எண்ணைப் பார்த்து விதி எழுதும்போதுதான் தவறு நேரும்.

ஒரே வரி கோப்பில் இரண்டு முறை வருகிறது. சில நேரம் மூன்று முறை.

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். நொய்யலை வைத்துச் சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது.

வெள்ளியங்கிரி மலைப்பக்கத்து ஓடைகள் கூடி நொய்யல் ஆகின்றன. வரும் வழியில் அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து குறிச்சிக் குளத்தையும், உக்கடம் பெரியகுளத்தையும், சிங்காநல்லூர்க் குளத்தையும் நிரப்புகின்றன. லாக்கர்களின் பெயர்களில் வரும் புள்ளிகள் இந்த ஓடைகளைப் போன்றவை. 'பட்டறை.எடை' என்பது ஓர் ஓடை. அது 'பட்டறை'யில் சேர்கிறது. 'பட்டறை' ரூட் என்ற ஆற்றில் சேர்கிறது. வழியில் எங்கெல்லாம் ஹேண்ட்லர் என்ற குளம் இருக்கிறதோ அங்கெல்லாம் செய்தி பாயும். 'பட்டறை.எடை'யில் ஒரு கோப்பு ஹேண்ட்லர், ரூட்டில் அதே கோப்புக்கு இன்னொரு ஹேண்ட்லர் என்று வைத்தால், ஒரே செய்தி இரண்டு குளத்திலும் விழுகிறது. ஆற்று நீர் ஒரு குளத்துக்குப் பிரிந்தால் அந்த அளவு குறையும். லாக் செய்தி குறையாது, ஒவ்வொரு குளத்துக்கும் முழுதாகவே போகும். உவமை அங்கே முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. வழியிலுள்ள மேல் லாக்கர்களின் மட்டத்தை யாரும் சோதிப்பதில்லை. செய்தி பிறந்த லாக்கரின் மட்டத்தைத் தாண்டிவிட்டால், அதன் பிறகு மதகு என்று இருப்பது ஹேண்ட்லரின் மட்டம் மட்டுமே. 'ரூட்டை எரர் என்று வைத்திருக்கிறேன், பிறகும் இன்ஃபோ வருகிறதே' என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

தீர்வு எளிது. ஹேண்ட்லர்களை ரூட்டில் மட்டும் வையுங்கள். ஓர் ஓடைக்குத் தனிக் குளம் கட்டாயம் வேண்டுமென்றால், கூலிக் கணக்கின் லாக் தனிக் கோப்பில் இருக்க வேண்டும் என்பதைப் போல, அந்த லாக்கரின் ப்ராபகேட் பண்பை ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். ஓடை அந்தக் குளத்தோடு நின்றுவிடும்.

மூன்று முறை, நான்கு முறை என்று ஏறிக்கொண்டே போனால் காரணம் வேறு: ஹேண்ட்லரைச் சேர்க்கும் வரி ஒரு செயற்கூறுக்குள் இருக்கிறது, அந்தச் செயற்கூறு ஒவ்வொரு சலானுக்கும் அழைக்கப்படுகிறது. பத்தாவது சலானுக்குப் பத்து வரி வரும். அந்த வரியை நிரலின் தொடக்கத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பேசிக்கான்ஃபிக் அழைத்தேன். எந்த மாற்றமும் இல்லை.

பேசிக்கான்ஃபிக் என்பது ரூட்டுக்கு ஹேண்ட்லரை ஒரே வரியில் அமைத்துத் தரும் செயற்கூறு. ரூட்டில் ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் அது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும், எச்சரிக்கையும் தராது. நீங்கள் இறக்குமதி செய்த ஏதோ ஒரு தொகுதி உங்களுக்கு முன்பே ஹேண்ட்லரைச் சேர்த்திருக்கும். பைத்தான் 3.8 முதல் ஃபோர்ஸ் என்ற அளவுரு இருக்கிறது. அதை ட்ரூ என்று கொடுத்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும்.

எதையுமே அமைக்கவில்லை. பிறகும் வார்னிங் மட்டும் திரையில் வருகிறதே?

ஹேண்ட்லர் ஒன்றுகூட இல்லாதபோது உதவ, லாஸ்ட்ரிசார்ட் என்ற கடைசிப் புகலிடம் ஒன்று உள்ளேயே இருக்கிறது. வார்னிங்கும் அதற்கு மேற்பட்டவையும் நேரமோ பெயரோ இல்லாமல் வெறும் செய்தியாகத் திரைக்கு வரும். அதை நம்பி மென்பொருளை வெளியே அனுப்பாதீர்கள்.

டிக்ட்கான்ஃபிக்குக்கு மாறினேன். பாதி தொகுதிகள் மௌனமாகிவிட்டன.

அமைப்பை ஒரு அகராதியாக எழுதித் தருவதுதான் டிக்ட்கான்ஃபிக். பைத்தான் 2.7, 3.2 பதிப்புகளில் வந்தது. பெரிய மென்பொருளுக்கு அதுவே சரியான வழி. ஜேசன் கோப்பிலோ யாமல் கோப்பிலோ அமைப்பை வைத்து, நிரலைத் தொடாமலே மாற்றலாம். ஆனால் அதில் டிஸேபிள் எக்ஸிஸ்டிங் லாக்கர்ஸ் என்று ஒரு சாவி இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு ட்ரூ. அமைப்பு ஓடுவதற்கு முன் பிறந்த லாக்கர்களில், அகராதியில் தன் பெயரோ தன் மேல் லாக்கரின் பெயரோ (ரூட் கணக்கில் வராது) இல்லாதவை எல்லாம் முடக்கப்பட்டுவிடும். தொகுதிகளை இறக்குமதி செய்யும்போதே அவற்றின் லாக்கர்கள் பிறந்துவிடுவதால், பாதிக்கப்படுவது பெரும்பாலும் அவைதான். ஃபால்ஸ் என்று எழுதுங்கள். புது அமைப்புக் கோப்பு எழுதும்போது, பதிப்பு எண் 1 என்ற முதல் வரிக்கு அடுத்த வரியாக இதைத்தான் எழுதுகிறேன்.

லாக் கோப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது. இதை உண்மையில் பொருட்படுத்த வேண்டுமா?

கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். நான் கற்றுக்கொண்டது பிறர் நட்டப்பட்ட ஒரு நாளில்.

சாயப்பட்டறை ஒன்றில் எடைமேடை நொடிக்கு 10 முறை எடையை அனுப்பும். ஒவ்வொரு வாசிப்பையும் டிபக் வரியாக எழுதும்படி வைத்திருந்தேன். பொருத்தும் நாளில் சரிபார்க்க அது உதவியது. வேலை முடிந்ததும் மட்டத்தை உயர்த்த மறந்துவிட்டேன். கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 86,400 நொடி. நொடிக்கு 10 வரி என்றால் 8,64,000 வரி. வரிக்கு 120 பைட் என்று வைத்தாலும் நாளுக்கு 100 எம்பிக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 38 ஜிபி. அந்தக் கணினியில் இருந்ததோ சிறிய டிஸ்க், அதிலும் பாதி ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் சலான் நின்றது. கோப்பில் எழுத இடமில்லாததால் லாக் நின்றிருந்தது, ஆனால் அதனால் மென்பொருள் நிற்கவில்லை. ஹேண்ட்லருக்குள் வரும் பிழையைப் பைத்தான் விழுங்கிக்கொண்டு, பிழைத்திரைக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டு மேலே போய்விடும். சேவையாக ஓடும் நிரலில் அந்தக் குறிப்பைப் பார்க்கவும் ஆள் இல்லை. அதே டிஸ்க்கில் இருந்த டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சாயமேற்றிய துணி டப்பிகளில் ஈரத்தோடு காத்திருந்தது. முதலாளி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அன்றிலிருந்து வரம்பில்லாத கோப்பு ஹேண்ட்லரை நான் எந்த வாடிக்கையாளர் கணினியிலும் வைப்பதில்லை. கோப்பு நிரம்பியதும் அதை ஒதுக்கிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்கும் (இதுவே சுழற்சி) ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லரில் மேக்ஸ்பைட்ஸ், பேக்கப்கவுண்ட் என்று இரண்டு அளவுகள் கேட்கும். கோப்புக்கு 10 எம்பி, பழைய கோப்புகள் 10 என்று கொடுத்தால் ஓடும் கோப்பையும் சேர்த்து 11 கோப்புகள், ஏறத்தாழ 110 எம்பிக்கு மேல் போகாது. இரண்டில் எதைப் பூச்சியமாக விட்டாலும் சுழற்சியே நடக்காது. மேக்ஸ்பைட்ஸ் மட்டும் கொடுத்துவிட்டுப் பேக்கப்கவுண்டை மறப்பவர்கள் பலர். பூச்சியம்தான் அதன் இயல்பு மதிப்பு.

மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கர் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. திரைக்கு எழுதினால் போதும், டாக்கர் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அது இயல்பாகப் பயன்படுத்தும் ஜேசன் கோப்பு முறைக்கும் அளவு வரம்பு கிடையாது. மேக்ஸ்-சைஸ் என்ற அமைப்பை நீங்களே கொடுக்க வேண்டும்.

அளவை வைத்துச் சுழற்றுவதா, நாளை வைத்துச் சுழற்றுவதா?

டிஸ்க்கைக் காப்பது முக்கியமென்றால் அளவு. 'போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது' என்று தேடுவது வழக்கமென்றால் நாள். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் நாளைச் சொல்லியே கேட்கிறார்கள், ஆகவே இன்ஃபோவுக்கு டைம்டுரொட்டேட்டிங் ஹேண்ட்லரை நள்ளிரவு என்று அமைத்து வைத்திருக்கிறேன். பட்டறையை மூடியிருக்கும் தீபாவளி விடுமுறையில் கணினி அணைந்திருந்தாலும் கவலையில்லை. மறுபடி ஓடத் தொடங்கும்போது, கோப்பு கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்து, முதல் வரி எழுதும் முன் பழையதை ஒதுக்கிவிடும்.

மேகச் சர்வரில் ஓட்டினால் நேரத்தைக் கவனியுங்கள். அந்தச் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில் இருக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5:30. இரவு ஷிப்டில் 5-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு நடந்த கோளாறு லாக்கில் 4-ஆம் தேதி 20:30 என்று இருக்கும். ஆபரேட்டர் சொல்லும் நேரத்தை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எந்த நேரம் என்பதை ஃபார்மேட்டரில் வரியோடு சேர்த்தே எழுதச் செய்யுங்கள்.

ஒரு நல்ல லாக் வரி எப்படி இருக்க வேண்டும்?

'எரர் வந்தது' என்று எழுதிய வரிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது யாருக்கும் உதவாது. எங்கள் கோப்பிலிருந்து ஒரு வரி:

2024-11-05 02:14:37,512 பிழை பட்டறை.எடை லாட் 4417: எடைமேடை 3 நொடியாகப் பதில் தரவில்லை, போர்ட் காம்3

எப்போது, எவ்வளவு கடுமை, எந்தப் பகுதி, எந்த லாட் சரக்கு, என்ன நடந்தது, எங்கே பார்ப்பது. லாட் எண் இருப்பதால் ஆபரேட்டரின் சீட்டோடு ஒப்பிடலாம். போர்ட் பெயர் இருப்பதால் எந்தக் கேபிளைப் பார்ப்பது என்று தொலைபேசியிலேயே சொல்லலாம். மட்டத்தின் பெயர் 'பிழை' என்று தமிழில் வருவது ஆட்லெவல்நேம் என்ற செயற்கூறால். 40 என்ற எண்ணுக்கு நீங்கள் விரும்பும் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம்.

எக்ஸெப்ஷனை, அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழையை, பிடித்த இடத்தில் எரர் என்பதற்குப் பதிலாக லாக்கரின் எக்ஸெப்ஷன் செயற்கூறை அழையுங்கள். பிழை எந்த வரியிலிருந்து எழுந்தது என்ற முழுத் தடத்தையும் அது சேர்த்து எழுதும். அந்தத் தடம் இல்லாமல் பல்லடத்துக்கு இரவில் வண்டியோட்டிப் போய்ப் பார்த்த நாட்கள் உண்டு.

தமிழில் லாக் எழுதினால் சிக்கல் வருமா?

விண்டோஸில் வரும், தடுப்பதும் எளிது. கோப்பு ஹேண்ட்லருக்கு என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்ன என்று சொல்லாவிட்டால் கணினியின் இயல்புக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை என்றால் அந்த வரியே எழுதப்படாமல் போகும். என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எப்போதும் எழுதிவிடுங்கள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'கூலி' என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு 4 குறிகள், கோப்பில் 12 பைட். தமிழில் எழுதுவதாக இருந்தால் கோப்பு அளவைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். எழுதுவதை மட்டும் கைவிடாதீர்கள். பட்டறையில் படிக்கப் போகிறவர் தமிழில்தான் படிப்பார்.

நள்ளிரவில் கோப்பு சுழலவில்லை, 'அனுமதி இல்லை' என்ற பிழை வருகிறது.

இதுவும் விண்டோஸ் விவகாரம். சுழற்சி என்பது கோப்பின் பெயரை மாற்றுவது. வேறொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் பெயர்மாற்றத்தை அனுமதிக்காது. நாங்கள் கண்ட காரணம் மிகச் சாதாரணமானது: ஆபரேட்டர் ஐகானை இரண்டு முறை அழுத்தியிருந்தார், மென்பொருளின் இரண்டு பிரதிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது பிரதி தொடங்காதபடி தடுத்தோம்.

லினக்ஸில் பிழை வராது, ஆனால் அதைவிட மோசமானது நடக்கும். நான்கு பிராசஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடும் நான்கு நிரல்கள், ஒரே கோப்பில் எழுதினால், ஒவ்வொன்றும் தன் போக்கில் கோப்பைச் சுழற்றி, ஒன்றின் வரிகள் மற்றொன்றின் பழைய கோப்பில் போய் விழும். பைத்தானின் ஹேண்ட்லர்கள், ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களுக்கு இடையே பாதுகாப்பானவை, பிராசஸ்களுக்கு இடையே அல்ல. எல்லாப் பிராசஸ்களும் ஒரே ஓர் எழுத்தருக்கு அனுப்பி அவர் மட்டும் கோப்பில் எழுதுவது ஒரு வழி. சுழற்சியை லினக்ஸின் லாக்ரொட்டேட் கருவியிடம் விட்டுவிட்டு, கோப்பு மாறியதைக் கவனித்து மீண்டும் திறக்கும் வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லரைப் பயன்படுத்துவது இன்னொரு வழி.

பிழை வந்தால் மின்னஞ்சல் வரட்டும் என்று வைத்தேன். மென்பொருளே மெதுவாகிவிட்டது.

எஸ்எம்டிபிஹேண்ட்லர் ஒவ்வொரு வரிக்கும் மின்னஞ்சல் சர்வரோடு புதிதாக இணைப்பு ஏற்படுத்துகிறது. இணையம் மந்தமாக இருந்தால் அந்த நேரம் முழுவதும் எடை வாசிக்கும் வேலை காத்துக்கிடக்கும். க்யூஹேண்ட்லரை முன்னால் வைத்து, செய்தியை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்புங்கள். க்யூலிசனர் தனி த்ரெட்டில் நின்று ஒவ்வொன்றாக அனுப்பும்.

அதில் ஒரு குழி இருக்கிறது, நாங்களே விழுந்தது. லிசனர் தன்னிடம் உள்ள எல்லா ஹேண்ட்லர்களுக்கும் எல்லா வரிகளையும் கொடுத்துவிடும், அந்த ஹேண்ட்லரின் மட்டத்தைப் பார்க்காமலே. ரெஸ்பெக்ட் ஹேண்ட்லர் லெவல் என்ற அளவுருவை ட்ரூ என்று கொடுத்தால்தான் பார்க்கும். அதை விட்டுவிட்ட இரவில், கிரிட்டிக்கல் மட்டும் வர வேண்டிய அஞ்சல் பெட்டியில் ஒவ்வொரு இன்ஃபோ வரியும் ஒரு கடிதமாக வந்து குவிந்தது. நிரல் முடியும்போது லிசனரை நிறுத்தவும் மறக்காதீர்கள். நிறுத்தாவிட்டால் வரிசையில் மிச்சமிருந்த வரிகள் போய்விடும், பெரும்பாலும் நமக்கு வேண்டியவை அந்தக் கடைசி வரிகளே.

மின்தடை வந்தால் லாக் தப்பிக்குமா?

கோப்பு ஹேண்ட்லர் ஒவ்வொரு வரிக்கும் தன் பங்கை இயங்குதளத்திடம் தள்ளிவிடும். இயங்குதளம் டிஸ்க்கில் எழுதுவதற்குள் மின்சாரம் போனால் கடைசிச் சில நொடிகள் இழக்கப்படலாம். வரிகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் மெமரிஹேண்ட்லர் வைத்திருந்தால் அதில் சேர்ந்திருப்பது முழுவதும் போகும். யுபிஎஸ் இல்லாத இடத்தில் அதைத் தவிர்க்கவும்.

தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் லாக்கில் வந்துவிடுகின்றன. எப்படி மறைப்பது?

முதலில் அவை ஏன் லாக்கருக்குப் போகின்றன என்று பாருங்கள். கூலிப் பதிவை முழுதாக அப்படியே லாக்கில் கொட்டும் ஒரு வரி எங்கோ இருக்கும். அதை எடுத்துவிட்டுத் தொழிலாளியின் டோக்கன் எண்ணை மட்டும் எழுதுங்கள். வடநாட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த மக்களின் விவரம் அது. லாக் கோப்பு பென் டிரைவில் எத்தனை கைகள் மாறும் என்று நமக்குத் தெரியும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, நம்பித் தந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் அது.

அதன் பிறகும் தப்பி வருவதைப் பிடிக்க ஃபில்டர் எழுதலாம். 12 இலக்கம் தொடர்ந்து வந்தால் கடைசி நான்கைத் தவிர மற்றவற்றை மறைக்கச் சொல்லுங்கள். அந்த ஃபில்டரை லாக்கரில் பொருத்தாமல் ஹேண்ட்லரில் பொருத்துங்கள். லாக்கரில் பொருத்திய ஃபில்டர் அந்த லாக்கரில் பிறந்த செய்திகளை மட்டுமே பார்க்கும், கீழ் லாக்கர்களிலிருந்து வந்து சேர்பவற்றைப் பார்க்காது. ரூட்டில் ஃபில்டர் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றே சோதித்துப் பார்க்கவும்.

ஆடிட்டர் 'எடிட் லாக்' இருக்கிறதா என்று கேட்கிறார். இந்தக் கோப்பைக் காட்டலாமா?

காட்டாதீர்கள், அது வேறு. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு பதிவு மாற்றத்தையும் தேதியோடு காட்டும், முடக்க முடியாத தணிக்கைத் தடம் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது டேட்டாபேஸில், கணக்கோடு சேர்ந்து இருக்க வேண்டியது. நம் லாக் சுழலும், பழையது அழியும், மட்டத்தை உயர்த்தினால் வரிகள் நிற்கும். இரண்டையும் குழப்பினால் இரண்டுமே கெடும்.

எவ்வளவு காலம் வைப்பது என்ற கேள்வி இதோடு வரும். மின்வெளிப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று தந்த உத்தரவு, தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே நாள்வாரிக் கோப்புகளில் பேக்கப்கவுண்டை 180 என்று வைத்திருக்கிறோம். இன்ஃபோ மட்டத்தில் அதற்கான இடம் பெரிதல்ல.

ஜாவாவில் எழுதுகிறோம். இவை எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், பெயர்தான் மாறும். ஜாவாவின் லாக் தொகுதியான லாக்4ஜேயில் ஹேண்ட்லருக்கு அப்பெண்டர் என்று பெயர். இரட்டை வரிச் சிக்கலும் அங்கே உண்டு, அடிட்டிவிட்டி என்ற அமைப்பால் நிறுத்தலாம். பழைய லாக்4ஜே 2 பதிப்பு எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் ஓட்டை, லாக்கில் எழுதப்படும் ஒரு சொல்லின் வழியாகவே சர்வருக்குள் நுழைய வழிவிட்டது. வெளியாள் தரும் சொற்களும் லாக்கில் விழுகின்றன என்பதை அதன் பிறகுதான் பலர் கவனித்தார்கள்.

வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன் ஹேண்ட்லர்கள் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பழுதை நீங்களே உண்டாக்குங்கள். எடைமேடையின் கேபிளைப் பிடுங்கி, கோப்பில் வரி விழுகிறதா, திரையில் தமிழ்ச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். கிரிட்டிக்கல் வரி ஒன்றை எழுதச் செய்து, உங்கள் தொலைபேசிக்கு அஞ்சல் வருகிறதா என்றும் பாருங்கள். கோப்பின் அளவு வரம்பை 2,000 பைட்டாகக் குறைத்துச் சுழற்சி நடப்பதைக் கண்ணால் பாருங்கள். இணையத்தைத் துண்டித்து, அஞ்சல் போகாதபோதும் எடை ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு கோப்பை ஆபரேட்டரிடம் கொடுத்து, "தம்பி, இதில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்ல முடிகிறதா?" என்று கேளுங்கள். அவர் கேபிள் என்று சொன்னால் ஒப்படைத்துவிடலாம்.